காயாத உதடு

பாக்கியசீலனுக்கு எதையும் தனியாக முடிவு செய்யத் தெரியாது. வீட்டுக்குத் தகரக் கூரை போடுவதா, காங்கிரீட் போடுவதா என்பதிலிருந்து சம்சாரத்துக்குக் கிறிஸ்துமஸ் சேலை என்ன நிறத்தில் எடுப்பது என்பதுவரை எல்லாவற்றையும் பஸ்ஸில் கேட்பார். அவர் கண்டக்டர், நான் டிரைவர். திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வழியாக ராதாபுரம். அங்கிருந்து திரும்ப அதே வழி. ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் ஓடினோம். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கும்போதே, "அண்ணாச்சி, ஒரு யோசனை சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். முன்படியில் ஒருவர் ஒன்று சொல்ல, பின்படியில் இன்னொருவர் அதை மறுக்க, மூன்றடைப்பு ஸ்டாப் வருவதற்குள் வண்டிக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும்.

எனக்கு இதெல்லாம் ஆகாது. நான் கோபக்காரன். "வே பாக்கியம், இது பஸ்ஸா, பஞ்சாயத்து ஆபீஸா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்துவேன். "கோவப்படாதீங்க அண்ணாச்சி, நாலு பேருகிட்ட கேட்டா நல்லது" என்பார். அந்த மனிதர் யாரையும் கேட்காமல் தனியாக எடுத்த ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவர் வீடு வள்ளியூரில். மனைவி ஜெபகனி அங்கன்வாடி டீச்சர். ஒரே மகன் மெர்வின். நாங்குநேரியில் பிளஸ் டூ படித்தான். காலையில் எங்கள் வண்டியில் போவான், சாயங்காலம் எங்கள் வண்டியிலேயே வருவான். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். நல்ல உயரம். வாலிபால் ஆட்டத்தில் அவன் எழும்பி அடித்தால், எதிரே நிற்கிறவன் கையைத் தூக்குவதற்குள் பந்து தரையில் கிடக்கும். பதினைந்து வயதுவரை அந்தப் பையன் வண்டியில் ஏறினால் வண்டியே கலகலவென்றிருக்கும்.

பதினைந்தில் முகத்தில் பரு வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறதுதானே என்று விட்டார்கள். பதினேழில் அதைப் பரு என்று சொல்ல வாய் வராது. இரண்டு கன்னத்திலும் தாடை ஓரத்திலும் கட்டி கட்டியாக வீங்கி, சீழ் பிடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து சிவந்துபோய்க் கிடந்தது. தொட்டால் வலி. ஒன்று உடைந்து ஆறினால் அந்த இடத்தில் குழி விழும், பக்கத்தில் இரண்டு புதிதாகக் கிளம்பும். முதுகிலும் அதே கதை. தினமும் காலையில் தலையணை உறையை மாற்றுவதாக ஜெபகனி சொல்லி அழுதிருக்கிறார்.

யோசனைக்கா பஞ்சம்? கஸ்தூரி மஞ்சள் என்றார்கள், வேப்பிலை என்றார்கள், எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்து என்றார்கள். ஒரு மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டே இல்லாமல் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். நான்கு நாள் முகம் பளபளவென்று இருந்தது. தடவுவதை நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. "வயசுக் கோளாறு, தானா போயிரும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவன் வாலிபாலை விட்டான். கையில்லாத பனியன் போட்டால் முதுகும் தோளும் தெரியுமே. பிறகு பின்படியில் ஏறி, கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, தூங்குகிறவன் மாதிரி துண்டை முகத்தில் போட்டுக்கொள்வான். பாக்கியசீலன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்னால் போவார், மகனைப் பார்ப்பார், முன்னால் வருவார், திரும்பப் பின்னால் போவார். அந்த வருஷம் முழுக்க அவர் வண்டிக்குள் நடந்த நடைக்கு ராதாபுரத்துக்கே நடந்து போயிருக்கலாம்.

கடைசியில் ஜெபகனிதான் பிடிவாதமாக இரண்டு பேரையும் பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். முதலில் இரண்டு மாதம் ஒரு மாத்திரையும் களிம்பும். பெரிதாகக் கேட்கவில்லை. மூன்றாம் முறை போனபோது டாக்டரம்மா, "இனி தாமதிச்சா தழும்பு நிக்கும். இதுக்குன்னே ஒரு மாத்திரை இருக்கு. நல்ல மருந்து. ஆனா நான் சொல்றபடி கேக்கணும்" என்றாராம். சாப்பிட்ட உடனே போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. உதடு காய்ந்து வெடிக்கும், அதற்கு ஒரு களிம்பு. "பாக்குறதுக்கு மீன் எண்ணெய் மாத்திரை மாதிரிதான் இருக்கும். ஆனா இது எடுக்கும்போது மீன் எண்ணெயோ வைட்டமின் ஏ மாத்திரையோ போடவே கூடாது. மனசு சோர்வா இருந்தாலோ, தூக்கம் வரலைன்னாலோ, அன்னைக்கே எனக்குச் சொல்லணும்."

அப்புறம் பாக்கியசீலனைப் பார்த்து, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, யாராவது தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டதுண்டா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றார் பாக்கியசீலன்.

அது பொய். இதை அவர் என்னிடம் சொன்னது பின்னால்தான், ஆனாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்கு எபி என்று ஒரு தம்பி இருந்தான். பத்தொன்பது வயதில் செத்துப்போனான். கிணற்றில் தவறி விழுந்தான் என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் சர்ச் ஐயர் வந்து அடக்க ஆராதனை நடத்துவாரோ மாட்டாரோ, கல்லறைத் தோட்டத்தில் அப்பா அம்மா பக்கத்தில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயம். கோயிலுக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்குள்ளேயும் சொல்லிச் சொல்லி, அதுவே உண்மைபோல நின்றுவிட்டது. மெர்வினுக்கும் சித்தப்பா தவறி விழுந்தார் என்றுதான் தெரியும். அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டாக்டரிடம் வேறு கதை சொல்ல பாக்கியசீலனுக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் காலை டிரிப்பில், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. வழக்கம்போல பஸ்ஸிடம் கொடுத்தார். நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி முன்சீட்டில் இருந்தாள். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். உதடு காய்தல், கண் உலர்தல், மூட்டு வலி, தலைவலி, ஈரல், கொழுப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் கொஞ்சம் தயங்கினாள்.

"சொல்லும்மா, என்ன போட்டிருக்கு?"

"ரொம்ப அபூர்வமாத்தான்னு போட்டிருக்கு அங்கிள். மன அழுத்தம் வரலாம், தற்கொலை எண்ணம்கூட வரலாம், கவனிக்கணும்னு..."

அவ்வளவுதான், வண்டியே பிடித்துக்கொண்டது. "அந்த மாத்திரையா? தூக்கிப் போடும்வே" என்றார் ஒரு ராதாபுரத்து வியாபாரி. யாரோ யாருக்கோ நடந்ததாக இன்னொருவர் ஒரு கதை எடுத்துவிட்டார். எந்த ஊர், யார் பையன் என்று கேட்டதற்கு அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் பாவம், "எல்லா மருந்துத் தாள்லயும் இப்படி எல்லாம் இருக்கும், டாக்டர்கிட்ட கேட்டுக்கிடுங்க" என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பாக்கியசீலன் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

அன்று மத்தியானம் ராதாபுரத்தில் வண்டி நிற்கும்போது என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்க கண்ணுக்குத் திங்கிற மீன் எண்ணெய் மாத்திரை எங்கன வாங்குதீங்க?" என்று கேட்டார். கண் பரிசோதனைக்குத் தேதி குறித்துவிட்டால் எங்கள் டெப்போவில் பாதி டிரைவர்கள் மீன் எண்ணெய் மாத்திரை விழுங்குவார்கள். அதனால் கண் தெரிகிறதா இல்லையா என்பது வேறு விஷயம். என் டப்பா கையிலேயே இருந்தது. "வாங்கவா போறீரு? இதைக் கொண்டுபோம்" என்று தூக்கிக் கொடுத்தேன். அவர் கண்ணுக்கு என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

மருந்தை நானே கையில் தருவேன், மறக்கக்கூடாது என்று பாக்கியசீலன் வீட்டில் சொல்லிவிட்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகன் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைப்பார். மஞ்சளாக, பளபளவென்று. அது என் டப்பாவில் இருந்தது. டாக்டரம்மா எழுதித் தந்த மாத்திரை அட்டையோடு அவருடைய யூனிபார்ம் பெட்டியில், அடியில் கிடந்தது.

அந்த ஒரு மாதம் மெர்வின் எப்படி இருந்தான் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கடைசி சீட்டிலிருந்து எழும்பி முன்னால் வந்துவிட்டான். என் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்து, என் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பான். உதட்டுக் களிம்பை முதல் நாளே வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

"மாமா, என் உதடு காஞ்சிருக்கா, பாருங்க."

"காயலயேலே. நல்லாத்தான் இருக்கு."

"இன்னும் ரெண்டு நாள்ல காஞ்சிரும். ஒரு வாரத்துல காயும்னு டாக்டர் சொன்னாங்க."

இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேட்பான். உதடு காய வேண்டும் என்று காத்துக்கிடந்த பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. "ஏப்பம் விட்டா மீன் வாடை அடிக்கி மாமா, அப்பாட்ட கேட்டா அந்த மருந்து அப்படித்தாங்காங்க" என்றும் ஒரு நாள் சொன்னான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஒரு மடையன், சிரித்துவிட்டு வண்டியை ஓட்டினேன்.

பாக்கியசீலனோ ஒரு இடத்தில் நிற்கவில்லை. மகன் கண்ணாடியைப் பார்த்தால் இவர் ஜன்னல் பக்கம் திரும்புவார். ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிப்பார். என்னவே ஆச்சு என்று கேட்டால், "தூக்கமில்ல அண்ணாச்சி" என்பார். வீட்டில் மகன் தூங்குகிறானா என்று எழும்பி எழும்பிப் பார்த்திருக்கிறார். மருந்தே கொடுக்கவில்லை, அப்புறம் எதற்குப் பயம்? பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

ஒரு மாதம் முடிந்து டாக்டரிடம் போனார்கள். நடந்ததை அவர் பிறகு சொன்னபடியே சொல்கிறேன். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அப்புறம் விளக்கைக் கிட்டே இழுத்து உதட்டைப் பார்த்தார்.

"உதடு கொஞ்சம்கூட காயலையே. இந்த மருந்து உள்ளே போனா உதடு காட்டிக்கொடுத்துரும். ஒழுங்காப் போடுறியா தம்பி?"

"தினமும் போடுதேன் டாக்டர்."

"இந்த வயசுல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. ரெண்டு நாள் போட்டுட்டு, மத்ததைக் குப்பையில போட்டுர்றாங்க. உண்மையைச் சொல்லு, நான் திட்டமாட்டேன்."

"சத்தியமாப் போடுதேன் டாக்டர். அப்பா, நீங்க சொல்லுங்க. நீங்கதான கையில தாரீங்க."

பாக்கியசீலன் என்ன சொன்னார் தெரியுமா? "போடுதான்னுதான் நினைக்கேன், டாக்டர்" என்றார். கையில் கொடுத்து, விழுங்குவதைக் கண்ணால் பார்த்த தகப்பன், நினைக்கிறேன் என்றார். மெர்வின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தானாம். அந்தப் பார்வையைச் சொல்லும்போது பாக்கியசீலன் என் எதிரே நின்று அழுதார்.

மறுநாளிலிருந்து பையன் திரும்பவும் பின்படி, கடைசி சீட்டு, முகத்தில் துண்டு. வீட்டிலும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். கையில் கொடுத்த மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்கினான். பத்து நாள் இப்படிப் போனது.

பதினோராம் நாள் காலை டிரிப்பில், அவனோடு வாலிபால் விளையாடிய பையன் ஒருவன் ஏறினான். மெர்வின் அன்று சீக்கிரமே வேறு வண்டியில் போய்விட்டான். இந்தப் பையன் காலில் மெர்வினின் வாலிபால் ஷூ. அதை வாங்க பாக்கியசீலன் திருநெல்வேலி முழுக்க அலைந்தது எனக்குத் தெரியும்.

"ஏய், இது மெர்வின் ஷூல்லா?" என்று கேட்டார் பாக்கியசீலன்.

"ஆமா மாமா, அவன்தான் தந்தான். இனி அவனுக்கு வேண்டாமாம்."

பாக்கியசீலன் விசிலை இரண்டு தடவை ஊதினார். நான் வண்டியை எடுத்தேன். எடுத்த வேகத்தில் பின்னால் "ஐயோ, ஐயோ" என்று சத்தம். கூடையோடு ஒரு அம்மா இன்னும் படியில் நின்றுகொண்டிருந்தார். நான் பிரேக்கை மிதித்தேன். கூடை கீழே போய் முருங்கைக்காய் ரோட்டில் சிதறியது. அந்த அம்மா கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தப்பினார். ஒன்பது வருஷத்தில் அவர் அப்படி விசில் ஊதியதில்லை. எனக்கு வந்த கோபத்தில் வண்டி நிறைய ஆள் இருக்கும்போதே அவரை நாறடித்துவிட்டேன். அவர் கீழே இறங்கி, முருங்கைக்காயைப் பொறுக்கிக் கூடையில் வைத்துக் கொடுத்தார்.

திருநெல்வேலியில் வண்டியை நிறுத்தியதும் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "என்னவே ஒமக்கு? இன்னைக்கு ஒரு பொம்பளையக் கொன்னிருப்போம்" என்றேன். அப்போதுதான் எல்லாம் வந்தது. மாத்திரை, பெட்டி, என் டப்பா, டாக்டர் கேட்ட கேள்வி, எபி எல்லாம். "எபி அந்த வாரம் அவன் வாச்சைக் கழட்டி ஒரு கூட்டாளிக்குக் குடுத்தான் அண்ணாச்சி. நல்லது, தாராள மனசுன்னு நாங்க நினைச்சோம். இப்ப இவன் ஷூவைக் குடுத்திருக்கான்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. பாவமாகவும் இருந்தது. என் டப்பாவை நினைத்து என் மேலேயே வெறுப்பாகவும் வந்தது. "ஒம்ம புள்ள முகத்துல கிடக்குறது வெறும் பரு இல்லவே, சீழு. அவன் ஒரு மாசம் அந்த மருந்த நம்பிக் கிடந்தான். அதப் பிடுங்கிட்டீரே. இன்னைக்கே அவன்கிட்ட சொல்லணும். நீரு சொல்லலைன்னா நான் சொல்லுவேன்" என்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, பையன் வகுப்பில் இருக்கிறானா என்று முதலில் கேட்கச் சொன்னேன். இருந்தான். ஜெபகனிக்கும் போன் பண்ணி ஷூவைப் பற்றிச் சொல்லவைத்தேன். அந்த அம்மா அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு நாங்குநேரிக்குப் போய்ப் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றார்.

சாயங்காலம் தாயும் மகனும் எங்கள் வண்டியில் ஏறினார்கள். வள்ளியூரில் ஆட்களை எல்லாம் இறக்கினேன். ராதாபுரம் போகிறவர்கள் ஏறப்பார்த்தார்கள். "டயரு பாக்கணும், யாரும் ஏறாதீங்க" என்று சொல்லி இரண்டு படியையும் மறித்துவிட்டேன். டயருக்கு ஒன்றும் இல்லை. உள்ளே மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். நான் பின்டயர் பக்கம் குனிந்து நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஷூவ ஏன்லே குடுத்த?" என்று பாக்கியசீலன் கேட்டார்.

"எனக்கு எதுக்கு? இதுக்குன்னே உள்ள மருந்துன்னு சொன்னாங்க. அதுவும் எனக்குக் கேக்கல. விட்டுருங்கப்பா."

"அந்த மருந்த நீ சாப்பிடவே இல்லய்யா."

"தினமும் நீங்கதான தாரீங்க?"

"நான் தந்தது மீன் எண்ணெய். ஒன் மருந்து என் பெட்டிக்குள்ள கிடக்கு."

ஜெபகனிதான் முதலில், "என்னங்க சொல்லுதீங்க?" என்றார். அதற்குப் பிறகு மெர்வின் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப டாக்டர் என்னைப் பொய்யன்னு நினைச்சிட்டு இருக்காங்க! நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க! நினைக்கேன்னு சொன்னீங்க! என் மூஞ்சி ஒங்களுக்கு வெளையாட்டாப்பா?"

பாக்கியசீலன் தாளில் போட்டிருந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு எபியைப் பற்றியும் சொன்னார். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லாததை இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தார். "தவறி விழுந்தாங்கன்னு சொன்னீங்க" என்றான் பையன். "அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொன்னோம்" என்றார் அவர்.

மெர்வின் அடங்கின குரலில் பேசினான். காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது. "எனக்கும் ஒண்ணு ரெண்டு நாள் அப்படித் தோணுச்சு. அது மாத்திரை தின்னதால இல்லப்பா. அது எனக்குக் கேக்கலன்னு நினைச்சதால."

ஜெபகனி அழுத சத்தம் கேட்டது. நான் டயரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டி எடுக்க இருபது நிமிஷம் ஆனது. டெப்போவில் ஏனென்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், டயர் என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் லீவு போட்டு மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் பாக்கியசீலனை வாங்கு வாங்கென்று வாங்கினாராம். "பயம்னா என்கிட்ட வந்து சொல்லணும். மருந்தை ஒளிச்சு வைக்கக்கூடாது. உங்க தம்பி விஷயம் தெரிஞ்சிருந்தா நான் வேற மாதிரி ஆரம்பிச்சிருப்பேன்" என்றாராம். பிறகு பையனைப் பார்த்து, "உன்னை நம்பாம போனதுக்கு ஸாரிப்பா" என்றாராம். அன்றைக்கே மெர்வினை ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். அவர் இரண்டு வாரம் அவனோடு பேசி, சரி, தொடங்கலாம் என்ற பிறகுதான் மருந்து. அதுவும் சின்ன அளவில். மனது எப்படி இருக்கிறது என்று பையன் வாரா வாரம் சொல்ல வேண்டும். காரணம் இருந்தாலும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை மாத்திரை ஜெபகனி பொறுப்பில். பத்தாம் நாள் உதடு காய்ந்து ஓரத்தில் வெடித்தது. ஆனால் முகம் முதலில் முன்னைவிட மோசமானது. அப்படி ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். பையன் பொறுத்துக்கொண்டான். பாக்கியசீலனால்தான் பொறுக்க முடியவில்லை. படிக்கட்டுக்கும் கடைசி சீட்டுக்குமாக அலைந்து என் உயிரை வாங்கினார்.

மெர்வின் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இரண்டு மாதத்துக்கு மேல். முன்படியில் ஏறி, இரண்டடி தள்ளி நிற்கும் தகப்பனை விட்டுவிட்டு, "மாமா, நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, லேட்டாத்தான் வருவேன்னு அப்பாட்ட சொல்லிருங்க" என்பான். நான் திரும்பாமலே, "வே, நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸாம்" என்பேன். "சரின்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்பார் அவர். நடுவில் எனக்கு என்ன தலையெழுத்து என்று எரிச்சலாக வரும். ஆனாலும் ஒரு தடவைகூட நான் மறுத்ததில்லை. அவன் கோபம் நியாயமான கோபம்.

கட்டிகள் மெல்ல வற்றின. புதிதாக வருவது குறைந்தது. கன்னத்தில் குழிகள் நின்றுவிட்டன. அது போகாது என்று எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம், நாங்குநேரியில் வண்டி நிறைய ஆள். மெர்வின் முன்படியில் ஏறினான். நான் கண்ணாடியில் பார்த்தேன், என்னிடம் ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என்னைத் தாண்டி நேராக அப்பாவிடம் போய் நின்றான்.

"அப்பா, இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல."

பாக்கியசீலன் கையில் டிக்கெட் இயந்திரம் அப்படியே நின்றது. எதைக் கேட்டுவிடக் கூடாது என்று அந்த மனிதர் இத்தனை மாதம் தூங்காமல் கிடந்தாரோ, அதை மகன் அவர் எதிரே நின்று சொல்கிறான்.

"யாரும் ஏதும் சொன்னாங்களாய்யா?"

"இல்ல. காரணம் ஒண்ணும் இல்ல. காலையில இருந்தே அப்படி இருக்கு. சொல்லணும்னு தோணுச்சு."

பாக்கியசீலன் கண்டக்டர் சீட்டில் ஜன்னல் பக்கமாக அவனை உட்காரவைத்து, ஒட்டித் தானும் உட்கார்ந்தார். பின்னாலிருந்து நாலைந்து பேர் டிக்கெட், டிக்கெட் என்று கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை. விசிலும் வரவில்லை. படியில் யாரும் நிற்கவில்லை என்று இரண்டு கண்ணாடியிலும் பார்த்துக்கொண்டு நானே வண்டியை எடுத்தேன். "டிக்கெட்டுக்கு என்னவே அவசரம், வள்ளியூர் வரட்டும்" என்று பின்னால் ஒரு சத்தம் போட்டேன்.

எஞ்சின் இரைச்சலில் பையன் என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. வழி முழுக்க அவன்தான் பேசினான். எதற்கும் நாலு பேர் யோசனை கேட்கிற அந்த மனிதர் ஒரு யோசனையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குக் கண் கலங்கி ரோடு மங்கலாகத் தெரிந்தது. வண்டியைப் பையப் பைய ஓட்டினேன்.

வள்ளியூரில் இறங்கியதும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். மெர்வின்தான் பேசினான். "ஆமா டாக்டர், உண்மையைத்தான் சொல்லுதேன், அப்பா பக்கத்துல இருக்காங்க, கேளுங்க" என்று போனை நீட்டினான். பாக்கியசீலன் வாங்கி, "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர்" என்றார்.